ஊசி துள்ளும் இடம்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது: கோபே துறைமுகத்துக்கு மேலே, மலைக்கும் கடலுக்கும் நடுவில், ஏறினால் மூச்சு வாங்குகிற, இறங்கினால் முட்டி வலிக்கிற ஒரு சரிவுத் தெருவில், ஒரே நிமிஷத்தை இரண்டு தடவை வாழ்ந்த ஜனங்கள் இருந்தார்கள், அவர்களில் நானும் ஒருத்தி. தூத்துக்குடியில் பிறந்து, கல்யாண மாலை வாடுமுன்னே கப்பலேறி, முத்துக் கம்பெனியில் முத்து பிரிக்கிற பெல்லார்மினுக்குப் பெண்டாட்டியாக அந்தத் தெருவுக்குப் போனவள் நான், பெயர் கிளாரிந்தா. அங்கே எல்லாரும் பேசியது ஜப்பான் பாஷைதான், ஆனால் என் வாயில் வரும்போது அது நம்ம ஊர்ப் பேச்சாகத்தான் வரும், அதற்கு நான் என்ன செய்ய?

எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு காபிக்கடை. காபிக்கடை என்றதும் சளசளவென்று அரசியல் பேசுகிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள், அங்கே பேசவே கூடாது. சண்டை முடிந்து ஊர் எழுந்துகொண்டிருந்த காலம், அமெரிக்க ஜாஸ் ரெக்கார்டு வாங்க யாருக்கும் வக்கில்லை, அதனால் இப்படி ஊருக்கு ஊர் ஒரு கடை; உள்ளே போய், ஒரு காபி வாங்கி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, முதலாளி போடுகிற ரெக்கார்டைப் பூசையில் இருக்கிற மாதிரி கேட்டுவிட்டு எழுந்து வரவேண்டும். முதலாளியை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பேசக் கூடாது என்று சுவரில் ஒரு பலகை, அதற்குக் கீழே, ஒரு ரெக்கார்டு ஒரு நாளைக்கு ஒரே தடவை என்று இன்னொரு பலகை. காலில் விழுந்தாலும் இன்னொரு தடவை போட மாட்டார். முதல் பலகையை ஊரில் எல்லாரையும்விட அதிகமாக மதித்தவர் அவர்தான்; தாடையை அசைப்பார், புருவத்தைத் தூக்குவார், வாயைத் திறக்க மாட்டார்.

அந்தக் கடையில் கப் கழுவ வந்தவள் மிசாவோ. குண்டு விழுந்து எரிந்த ஒரு தெருவிலிருந்து ஒற்றையாக நடந்து வந்தாள், மாஸ்டர் தாடையால் பின்கட்டு அறையைக் காட்டினார், இருந்துவிட்டாள். அவளுக்கு ஒரு ரெக்கார்டின்மேல் பைத்தியம். யாரோ ஒரு மாலுமி விட்டுப்போனது, லேபிள் கிழிந்தது, யார் வாசித்த பியானோ என்றுகூடத் தெரியாது. நாளைக்கு ஒரே தடவைதான் கேட்கக் கிடைக்கும், ஆகவே உடம்பெல்லாம் காதாகக் கேட்பாள், கேட்ட கையோடு பின்கட்டுக்கு ஓடி, ஒரு பழைய பலகையில் கரியால் பியானோக் கட்டைகளை வரைந்துவைத்து, அதன்மேல் விரலை ஓட்டுவாள். சத்தமே வராது. நான் மாடிப்படியில் துணி காயப்போட்டுக்கொண்டே பார்ப்பேன், எனக்குப் பாவமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும்.

அந்த ரெக்கார்டின் நடுவில் ஒரு கீறல். அந்த இடம் வந்ததும் ஊசி ஒரு துள்ளுத் துள்ளிப் பின்னால் விழுந்து, இப்போதுதான் வாசித்ததை மறுபடி ஒரு தடவை வாசித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் மேலே போகும். கடையில் உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் அது கீறல் என்று தெரியும். மிசாவோவுக்கு மட்டும் தெரியாது, அதுவும் பாட்டுதான் என்று அவள் அந்தத் துள்ளலையும் சேர்த்து, அட்சரம் பிசகாமல் மனப்பாடம் பண்ணிவிட்டாள். யாராவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வது, பேசக் கூடாத கடையல்லவா!

ஒருநாள் மாஸ்டர் எங்கிருந்தோ ஒரு பழைய பியானோவைக் கொண்டுவந்து இறக்கினார். சரிவுத் தெருவில் அதை ஏற்ற அந்த வட்டாரத்து ஆம்பிளைகள் எல்லாரும் தோள் கொடுத்தார்கள், என் வீட்டுக்காரரும் கொடுத்துவிட்டு ஒரு வாரம் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருந்தார். ரெக்கார்டுக் கடைக்குப் பியானோ எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மாஸ்டர் மூடியைத் திறந்துவைத்துவிட்டு, மிசாவோவைப் பார்த்துத் தாடையை அசைத்துவிட்டு, காபி போடப் போய்விட்டார்.

முதல் தடவை அது நடந்தபோது நான் மாடியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். கீழே மிசாவோவின் விரல்கள் அந்தப் பாட்டில் ஓடி, ஊசி துள்ளுகிற இடத்துக்கு வந்து, ஊசி மாதிரியே துள்ளின. பொங்கி வழிந்த பால் பாத்திரத்துக்குள் திரும்பிப் போய், மறுபடி பொங்கி, மறுபடி வழிந்தது. "ஐயோ மாதாவே" என்று நான் கத்தியதும் இரண்டு தடவை. ஜன்னலோரம் வடக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து முத்துப் பிரித்துக்கொண்டிருந்த பெல்லார்மின், "ஏட்டி கிளாரி, பிரிச்சு வச்ச முத்து குவியலுக்கே போயிட்டு வருதுட்டி" என்றார். கையும் காலும் முதலில் செய்ததையே செய்யும், அதை மாற்ற முடியாது; ஆனால் இரண்டாம் தடவை உள்ளே உட்கார்ந்து நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். பார்த்ததில், ஒரு மங்கல் முத்தை நல்ல முத்தோடு சேர்த்துவிட்டது அவருக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் மிசாவோ வாசிக்கிற நேரம் பார்த்துத்தான் உயர்ந்த முத்தைக் கையில் எடுப்பார்.

தெரு இரண்டு நாள் முகத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டது, மூன்றாம் நாள் பழகிவிட்டது. சரிவில் முட்டிக்கொண்டவர்கள் குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள், மறுபடி முட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார்கள், அந்த ஊர்க்காரர்களுக்கு இரண்டு தடவை குனிவது புதுசா என்ன! பல் டாக்டர் கொய்கேதான் முதலில் மாட்டினார், ஒரு மீன்காரருக்குக் கடைவாய்ப் பல்லை இரண்டு தடவை பிடுங்கி, அவர் போட்ட கூச்சலில் கப்பல் சங்கே கேட்கவில்லை. மறுநாள் டாக்டர் வாசலில், பெயருக்குப் பின்னால் அந்த ஊர் மரியாதைச் சொல்லான சான் சேர்த்து, அறிவிப்புத் தொங்கியது, மிசாவோ சான் வாசிக்கும் நேரத்தில் பல் பிடுங்கப்படமாட்டாது என்று. நாவிதர் ஹட்டாவுக்கு நேர்மாறாக அந்த நேரத்தில்தான் கூட்டம் அம்மியது, சவரம் முடிந்து சூடான துண்டை முகத்தில் போடுகிற அந்தச் சுகத்தை இரண்டு தடவை வாங்க ஆம்பிளைகள் வரிசையில் நின்றார்கள். வெளியூர்க்காரன் யாராவது வந்து கேட்டால், "ஆமாமா, மிசாவோ சான் வாசிப்பாங்க, நல்லாருக்கும்" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வார்கள்.

எங்கள் தெருவின் மேல்முனையில் பிரேசிலுக்குப் பிழைக்கப் போகிறவர்கள் கப்பலுக்குக் காத்திருக்கிற விடுதி. போனால் திரும்பி வராத பயணம் அது. அவர்கள் எப்படியோ கேள்விப்பட்டு, கப்பலேறுகிற அன்றைக்குப் பெட்டி படுக்கையோடு கடை ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்பார்கள், பாட்டு அந்த இடத்துக்கு வரும்போது பார்த்து, வழியனுப்ப வந்த அம்மா "போயிட்டு வா ராசா" என்பாள், மகன் அதை இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டு துறைமுகத்துக்கு இறங்குவான். "ஒன்னு வச்சிக்கிறதுக்கு, ஒன்னு செலவுக்கு" என்று ஒரு தாய் சொல்லி அனுப்பினாள். அவள் சொன்னது பேச்சுக்குச் சொன்னதில்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

எனக்குத் தெரியவந்தது என் மகள் ஜெசிந்தாவால். அவள் பிறந்த அன்றைக்கும் கீழே மிசாவோ வாசித்துக்கொண்டிருந்தாள். பிரசவ வலியின் கடைசி முக்கலை இரண்டு தடவை முக்கினவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன், அன்றைக்கு மிசாவோவை நான் திட்டிய திட்டு நம்ம ஊர்க் கடற்கரையிலேயே பெண்கள் திட்டாத திட்டு. ஆனால் என் பிள்ளையின் முதல் அழுகையும் எனக்கு இரண்டு தடவை கிடைத்தது, எந்தத் தாய்க்குக் கிடைக்கும் அது! பிற்பாடு ஜெசிந்தா, "நான் பொறந்தப்ப எப்படிம்மா அழுதேன்?" என்று நச்சரித்தபோது, சொல்லிக் காட்டலாம் என்று வாயைத் திறந்தேன், அந்தப் பச்சைக்குழந்தை அழுகையே, அவளுடைய அதே குரலிலேயே, என் வாயிலிருந்து வெளியே வந்தது. அவள் பயந்து, அப்புறம் கைதட்டிச் சிரித்தாள். மறுபடி செய்யச் சொன்னாள், வரவில்லை. உபரியாக இருந்த ஒன்றைக் கொடுத்துவிட்டேன், எனக்கென்று உள்ளது எனக்குள்ளேயே இருந்துகொண்டது.

இதெல்லாம் எங்களுக்கு. மிசாவோவுக்கு ஒன்றும் கிடையாது. ஊஞ்சல் ஆட்டிவிடுகிறவள் ஊஞ்சலில் இருக்க முடியுமா? விரல் துள்ளும், தெரு முழுக்கப் பின்னால் போய் வரும், அவள் மட்டும் நேராகப் போய்க்கொண்டே இருப்பாள். நாங்கள் சொல்லித்தான் அவளுக்கே இந்த விஷயம் தெரியும். அதைப்பற்றி அவள் கவலைப்பட்டதில்லை. அவள் கவலை வேறு.

"அக்கா, மாஸ்டர் ஒரு தடவை வாயத் தொறந்து சொன்னாப் போதும்க்கா. நல்லாருக்குன்னோ நல்லால்லன்னோ, ஏதாவது ஒன்னு. வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

"பியானோ வாங்கிக் குடுத்திருக்காருல்லா, அது பத்தாதாக்கும்?"

"பத்தாது," என்றாள், கழுவின கப்பைத் துடைத்துக்கொண்டே. "எனக்கு அவரு குரல் எப்படியிருக்கும்னே சரியாத் தெரியாதுக்கா."

அவள் பேர் பரவி, டோக்கியோவிலிருந்து ரெக்கார்டுக் கம்பெனி ஆள் கோட்டும் சூட்டுமாக வந்தான். கேட்டான், அசந்துபோனான், ஆனால் துள்ளுகிற இடத்தில் முகத்தைச் சுளித்தான். அவளை டோக்கியோவுக்குக் கூட்டிப்போய், அதே பாட்டின் கீறல் இல்லாத நல்ல ரெக்கார்டைப் போட்டுக் காட்டி, "பாரும்மா, இந்த இடத்துல அந்த மனுஷன் திருப்பி வாசிக்கவே இல்ல. நீ வாசிக்கிறது கீறல்" என்றிருக்கிறான். அங்கிருந்த வாத்தியக்காரர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். படுபாவிகள், சிரிப்பதற்கு வேறு ஆளா கிடைக்கவில்லை! ரயிலேறித் திரும்பி வந்தவள், நேரே மாஸ்டர் முன்னால் போய் நின்று, அந்தக் கடையில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள்.

"உங்களுக்குத் தெரியும்தான? தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

மாஸ்டர் அவளைப் பார்த்தார், வாய் லேசாக அசைந்தது, சுவர்ப் பலகையைப் பார்த்தார், மூடிக்கொண்டார். அந்த வருஷமே மிசாவோ அமெரிக்காவுக்குக் கப்பலேறினாள். ஜன்னலுக்குக் கீழே நின்று வழியனுப்ப வழியில்லை, வாசிக்கிறவளே போகிறாளே. நான் துறைமுகத்தில் நின்று, அங்கே வழியனுப்புகிறவர்கள் கப்பலுக்கு வீசுகிற காகிதச் சுருளின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு, மறுநுனி அவள் கையில் அறுகிறவரைக்கும் அழுதேன். மாஸ்டர் வரவில்லை. கடையைத் திறந்துவைத்து, அந்தக் கிழிந்த லேபிள் ரெக்கார்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அங்கே அவள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். புகை மண்டின மதுக்கடைகளில், தட்டும் கிளாசும் கலகலக்க, யாரும் கேட்காத நேரத்தில் வாசித்தாள். ஜப்பான் பெண்ணுக்கு ஜாஸ் எப்படி வரும் என்று கேட்டவர்களிடம், கப் கழுவிக் கற்றுக்கொண்டேன் என்றாள். ஆனால் நாளைக்கு ஒரே தடவை கேட்டுப் பழகின காதல்லவா, பக்கத்தில் வாசிக்கிறவன் என்ன செய்யப்போகிறான் என்று அவனுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய ஆட்கள் அவளைத் தேடி வந்தார்கள், சொந்தமாகப் பாட்டுக் கட்டினாள், அவள் படம் போட்ட ரெக்கார்டுகள் எங்கள் ஊருக்கே வந்து இறங்கின. மாஸ்டர் ஒவ்வொன்றையும் வாங்கினார், ஒவ்வொன்றையும் நாளைக்கு ஒரு தடவை போட்டார். நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்போம். எதிலும் அந்தத் துள்ளல் இல்லை. ஹட்டாவின் சூடான துண்டு ஒரு தடவைதான் சூடாக இருந்தது, பிரேசில்காரர்கள் ஒரே ஒரு "போயிட்டு வா"வோடு கப்பலேறினார்கள், பல் டாக்டர் அறிவிப்பைக் கழற்றாமல் வைத்திருந்தார்.

வருஷங்கள் ஓடின. எனக்கு நரைத்தது, மாஸ்டருக்குத் தொண்டை கட்டியது. கட்டினது சளி இல்லை. டாக்டர்கள் பார்த்துவிட்டு, குரல்வளையை எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்று நாள் குறித்துவிட்டார்கள். நான் அமெரிக்காவுக்குப் போன் போட்டேன்.

"மிசாவோ, வர்ற திங்கக்கிழமை மாஸ்டருக்கு ஆபரேஷன். அதுக்கப்புறம் அவருக்குப் பேச்சு கிடையாது. ஒனக்கு அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னா அதுக்குள்ள வந்து கேளு."

"வாரேன்க்கா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அவள் கடை வாசலில் நின்றாள், கையில் ஒரு சின்னப் பெட்டி, முகத்தில் அதே பழைய கப் கழுவுகிற பிள்ளை. கடைக்குள் தெருவே கூடியிருந்தது, பல் டாக்டர், ஹட்டா, மீன்காரர், என் ஜெசிந்தா, எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு. மாஸ்டர் கழுத்தில் துணி சுற்றி, ஜன்னலை ஒட்டின மூலை நாற்காலியில் இருந்தார். பியானோ மூடியின்மேல், உறையில்லாமல், அந்தக் கிழிந்த லேபிள் ரெக்கார்டு. அவர் தாடையால் அதைக் காட்டினார், மிசாவோ அதை எடுத்துக் கீறலை ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

வாசித்தாள் பாருங்கள்! அமெரிக்காவில் கற்றதெல்லாம் அதில் இருந்தது, பின்கட்டுப் பலகையில் ஓசையில்லாமல் ஓட்டினதும் அதில் இருந்தது, துறைமுகத்தில் அறுந்த காகிதச் சுருளும் இருந்தது. பாட்டு மெதுவாக அந்த இடத்தை நெருங்கியது. வாசிப்பாளா, தாண்டிவிடுவாளா? பல் டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கையும் கட்டைகளின்மேல் மழையாகக் கொட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், மூலை நாற்காலியில் மாஸ்டர் வாயைத் திறந்தார்.

"இன்னொரு தடவை."

கரகரத்த, பழகாத, மிச்சமிருந்ததையெல்லாம் சுரண்டிப் போட்ட குரல். அடுத்த கணம் மிசாவோவின் கைகள் துள்ளின. நாங்கள் பின்னால் போனோம், டாக்டர் மறுபடி என் கையைப் பிடித்தார், மாஸ்டர் மறுபடி வாயைத் திறந்தார். "இன்னொரு தடவை." வாழ்நாளில் யாருக்கும் எதையும் இன்னொரு தடவை கொடுக்காத மனுஷன், இன்னொரு தடவை வேண்டும் என்று கேட்டுவிட்டார்.

பாட்டு முடிந்தது. மிசாவோ திரும்பினாள். எங்கள் எல்லார் முகத்திலும் கண்ணீர் வடிகிறது, அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. முதுகைக் காட்டி, அத்தனை சத்தத்துக்குள் இருந்தவளுக்கு முதல் தடவையும் கேட்கவில்லை, இரண்டாம் தடவை என்று ஒன்று அவளுக்குக் கிடையவே கிடையாது.

"என்னாச்சுக்கா?"

"பேசிட்டார்ட்டி, மாஸ்டர் பேசிட்டார்!"

அவள் பாய்ந்து போய் அவர் காலடியில் உட்கார்ந்தாள். மாஸ்டர் வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. மறுபடி முயன்றார், அதுவும் காற்று. இருந்தது அவ்வளவுதான், செலவாகிவிட்டது. அவர் கையை விரித்து, பேசக் கூடாது என்ற பலகையைக் காட்டி, அசட்டுத்தனமாகச் சிரித்தார். மிசாவோவும் சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை, அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

எனக்கு வந்ததே கோபம், மாதாமேல், மாஸ்டர்மேல், ஊசிமேல், எல்லார்மேலும். இந்தப் பிள்ளை எங்களுக்கு எத்தனை கொடுத்திருக்கிறது, அது கேட்ட ஒரே ஒரு வார்த்தையை நாங்கள் எல்லாரும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நிற்கிறோமே, அதுவும் ஆளுக்கு இரண்டாக! நினைத்ததும்தான் எனக்கு உறைத்தது. ஆளுக்கு இரண்டு. நான் போய் அவள் தலையை நிமிர்த்தி, வாயைத் திறந்தேன்.

"இன்னொரு தடவை."

என் குரலில்லை. மாஸ்டரின் அதே கரகரத்த, பழகாத குரல். மிசாவோ அசையாமல் என்னைப் பார்த்தாள். அடுத்தது பல் டாக்டர் எழுந்துவந்து, குனிந்து வணங்கி, வாயைத் திறந்தார், "இன்னொரு தடவை." அப்புறம் ஹட்டா, அப்புறம் மீன்காரர், என் ஜெசிந்தா, என் வீட்டுக்காரர் வெட்கப்பட்டுக்கொண்டே, வாசலில் நின்றவர்கள், ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டவர்கள், ஒவ்வொருவராக வந்து குனிந்து, தன்னிடம் உபரியாக இருந்ததை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கடையில் மாஸ்டரின் குரல் அத்தனை காலத்திலும் கேட்காத அளவுக்கு அன்றைக்குக் கேட்டது. நாற்காலியில் மாஸ்டர் காதெல்லாம் சிவந்துபோய்க் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நன்றி" என்றாள் மிசாவோ ஒவ்வொருவருக்கும். ஹட்டாவுக்கு அது பொறுக்கவில்லை. "நீங்க எங்களுக்கு நன்றி சொல்றதாவது, போங்கம்மா, போய் வாசிங்க, அவருதான் கேக்கறாருல்ல" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்து, அதே பாட்டை, அதே நாளில், முதலிலிருந்து வாசித்தாள். அந்த இடம் வருகிற நேரம் மாஸ்டர் எழுந்தார். தட்டுத்தடுமாறி நாற்காலியின்மேல் ஏறி, ஒரு நாளைக்கு ஒரே தடவை என்ற பலகையைச் சுவரிலிருந்து கழற்றினார். மிசாவோவின் விரல்கள் துள்ளின. பலகை திரும்பிச் சுவரில் ஏறியது, மாஸ்டர் மறுபடி நாற்காலியில் ஏறி, மறுபடி அதைக் கழற்றினார். மிசாவோ முடித்துத் திரும்பியபோது, அவர் கீழே நின்று பலகையை நெஞ்சோடு பிடித்திருந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, அவர் இன்னும் பல வருஷம் காபி போட்டார், பேச்சு போனதால் அவருக்குப் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. மிசாவோ வருஷத்துக்கு ஒரு தடவை வந்து வாசித்துவிட்டுப் போவாள், எந்த மேடையிலும் அந்தத் துள்ளலை அவள் அப்புறம் விடவில்லை. அவர் பலகையைக் கழற்றினதை நாங்கள் எல்லாரும் இரண்டு தடவை பார்த்தோம். என்னிடம் இருந்ததில் ஒன்றை இதோ, உங்களிடம் கொடுத்துவிட்டேன். இன்னொன்று என்னிடம் இருக்கட்டும்.